ஏர் ஃப்ரையரில் பீட்ரூட் சிப்ஸ்: பாதி கரி, பாதி ரப்பர். என்ன தப்பு செய்கிறேன்?

மாடிவீட்டுக்காரி:

வணக்கம். போன தீபாவளித் தள்ளுபடியில் ஏர் ஃப்ரையர் வாங்கினோம், நாலரை லிட்டர், 1500 வாட். இனிமேல் கடைச் சிப்ஸ் இந்த வீட்டுப் படி ஏறாது என்று பெரிதாகச் சொல்லித்தான் வாங்கினேன். இன்றுவரை அதில் உருப்படியாக வந்தது உறையவைத்த பாக்கெட் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஒன்றுதான். நேற்று மூன்று பீட்ரூட்டைச் சீவி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, கூடையில் கொட்டி 200 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். ஓரத்தில் கிடந்ததெல்லாம் கரி. நடுவில் கிடந்தது ரப்பர் மாதிரி வளைகிறது. மாமியார் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "பொரியலாவே பண்ணியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உருளை, பாகற்காய், வெண்டை எதை வைத்தாலும் இதே கதி. உண்மையாகவே யாருக்காவது மொறுமொறுவென்று வந்திருக்கிறதா, இல்லை வீடியோ போடுகிறவர்கள் எண்ணெயில் பொரித்ததைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறார்களா?

சிங்கை சின்னப்பொண்ணு:

வந்திருக்கிறது, ஆனால் மூன்று பீட்ரூட்டை ஒரே தடவையில் போட்டு வந்ததில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் நடுவில் இருப்பது ஆவியில் வேகிறது, இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரி. மேலே துருத்திக்கொண்டு நிற்பதை மட்டும் காற்று அடித்துக் கருக்கிவிடும். உங்கள் கூடையில் ஒரு பெரிய பீட்ரூட், அதற்கு மேல் வேண்டாம்.

200 டிகிரி ரொம்ப அதிகம். பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஈரம் போவதற்குள் அது கருகிவிடும். நான் 140 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வரை வைப்பேன், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை கூடையை இழுத்துக் குலுக்கி, ஆனதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுவேன். எல்லாம் ஒரே நேரத்தில் ஆகாது. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நாஞ்சில் நாட்டான்:

எங்கள் மாமா நாகர்கோவிலில் முப்பது வருஷம் சிப்ஸ் கடை வைத்திருந்தவர், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். ஏத்தங்காயை (நேந்திரங்காயைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம்) நேரே எண்ணெய்க்கு மேல் பிடித்துச் சீவுவார்கள். விழுந்தவுடன் சடசடவென்று பொங்கும். அந்தச் சத்தம் காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிற சத்தம். உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை அந்தக் கொதிக்கிற எண்ணெயிலேயே ஒரு கரண்டி விடுவார்கள் (பார்க்கிறவர்கள் பதறிப் பின்னால் போவார்கள், மாமா சிரிப்பார்). மறுபடி ஒரு பொங்கு பொங்கி, சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, அப்புறம் கலகலவென்று வேறு சத்தம் வரும். அதுதான் பதம். கடிகாரம் பார்த்து யாரும் எடுத்ததில்லை.

உங்கள் பெட்டிக்குள் இந்தச் சத்தம் கேட்காது, ஃபேன் சத்தம்தான் கேட்கும். அங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். நிறம் வந்துவிட்டது என்று வெளியே எடுக்கிறார்கள், உள்ளே ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எவர்சில்வர் இன்ஜினியர்:

நாஞ்சில் அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். ஏர் ஃப்ரையர் என்று பெயர் வைத்தது விற்பனைக்காரர்களின் சாமர்த்தியம். பிலிப்ஸ் 2010இல் அதைக் கொண்டுவந்தபோது வைத்த பெயர், அப்புறம் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பது மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு ஃபேன், கீழே ஓட்டைக் கூடை. சூடான காற்றைச் சுழலவிடும் சின்ன கன்வெக்‌ஷன் அடுப்பு, அவ்வளவுதான்.

எண்ணெயும் காற்றும் ஒரே 170 டிகிரியில் இருந்தாலும் ஒன்றாகிவிடாது. கொதிக்கிற எண்ணெயில் விரலை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே சூட்டில் இருக்கும் அடுப்புக்குள் நொடி நேரம் கையை விட்டு எடுத்துவிடலாம். எண்ணெய் சூட்டை அத்தனை வேகமாக ஏற்றுகிறது, காற்று ஏற்றாது. எண்ணெயில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெடித்து வெளியேறுவதால் சிப்ஸுக்குள் குட்டிக் குட்டித் துளைகள் விழுகின்றன, கடித்தால் நொறுங்குவது அதனால்தான். காற்றில் அதே தண்ணீர் நிதானமாகப் போகிறது. தண்ணீர் இருக்கிறவரை காய்த்துண்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நீங்கள் 200 வைத்தாலும் சரி. அது போன பிறகுதான் சிவக்கவே தொடங்கும்.

உருளையில் சுமார் 79 சதவீதம் தண்ணீர். பீட்ரூட்டில் 87, பாகற்காயில் 94. பச்சை வாழைக்காயில் 65தான். உறைந்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் உங்களுக்கு நன்றாக வந்தது ஏன் தெரியுமா? தொழிற்சாலையிலேயே அதை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரு தடவை எண்ணெயில் பாதி பொரித்துத்தான் உறையவைக்கிறார்கள். பாதி வேலை முடிந்து வருகிறது. நம் காய்க்கு அந்தப் பாதி வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

பொறுமை இல்லாதவன்:

இவ்வளவு விஞ்ஞானம் எதற்கு? ஒரு வாணலி, அரை லிட்டர் கடலை எண்ணெய், பத்து நிமிடம். மாதம் ஒரு தடவை நல்ல சிப்ஸ் தின்றுவிட்டுப் போகலாம். ஒன்றரை மணி நேரம் கரண்ட் செலவு செய்து ஒரு கைப்பிடி காய்ந்த இலையைத் தின்பதற்கு இத்தனை பேச்சா?

சிங்கை சின்னப்பொண்ணு:

கரண்ட் கணக்கை விடுங்கள், 1500 வாட் மெஷின் அரை மணி நேரம் விடாமல் ஓடினாலும் முக்கால் யூனிட்தான். சூடு ஏறியதும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் அதுகூட ஆகாது. மாதம் ஒரு தடவை என்றால் நீங்கள் சொல்வதே சரி, நானே எண்ணெயில்தான் பொரிப்பேன். என் வீட்டில் தினமும் நாலு மணிக்குக் கேட்கிறார்கள், அங்கேதான் கணக்கு மாறுகிறது. கடையில் வாங்கும் உருளைச் சிப்ஸில் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

மாடிவீட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இன்ஜினியர் சார் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். ஈரத்தை எப்படி முன்கூட்டியே எடுப்பது? துணியில் ஒற்றினால் போதுமா? உப்பு போட்டுப் பிழியலாமா? இன்னொன்று, எப்போது எடுக்க வேண்டும் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எனக்குச் சத்தமும் கேட்காது, நிறத்தையும் நம்பக்கூடாது என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

டொராண்டோ அம்மம்மா:

பிள்ளை, முதலில் ஒரு சிரிப்பு. உங்கட மாமியார் "பொரியல்" என்று சொன்னதை நான் வேறு மாதிரி வாசித்துவிட்டேன். எங்கட ஊரில் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்து எடுக்கிறது. வாணலியில் பொரித்திருக்கலாமே என்று அவர் சொன்னதாக நினைத்து, சரியாகத்தானே சொன்னார் என்று இருந்தன்.

கேள்விக்கு வருவம். வற்றல் போடுகிறது எப்படி என்று உங்கட மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது. பாவற்காயை வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு, மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம் பொரிக்கிறது. காயவைக்கிறது ஒரு வேலை, பொரிக்கிறது இன்னொரு வேலை. நீங்கள் இரண்டையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

நான் செய்கிற விதம் இது. பாவற்காயை ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கும் குறைவாக வட்டமாக வெட்டி, விதையைத் தள்ளிவிட்டு, உப்பு, மஞ்சள், ஒரு கரண்டி மோர் விட்டு அரை மணி நேரம் வைப்பன். ஒட்டப் பிழிந்து ஒரு துவாயில் பரப்பி விடுவன். இங்கே குளிர்காலத்தில் வெயில் ஏது, ஹீட்டர் காற்று வருகிற இடத்தில் தட்டை வைத்துவிட்டு வேறு அலுவலைப் பார்ப்பன். ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டால் மேற்பரப்பு ஒட்டாமல் காய்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு மேசைக்கரண்டி அரிசி மா, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் பிரட்டி, 160 டிகிரியில் 15, 18 நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் 180. வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்தால் அதுவே சம்பல். சம்பலில் போட்டால் எண்ணெயில் பொரிக்கவில்லை என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

எவர்சில்வர் இன்ஜினியர்:

அம்மம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், நான் தண்ணீர் சதவீதம் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எப்போது எடுப்பது என்பதற்கு நான் தராசு வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். 200 கிராம் உருளையில் தண்ணீர் போக மிஞ்சுவது 42 கிராம். ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒட்டியிருக்கிறது, கடைசியாக ஒன்றிரண்டு கிராம் ஈரம் எப்படியும் தங்கும். ஆக வெளியே வரும் சிப்ஸ் 50 கிராமுக்கு மேல் இருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், திரும்ப உள்ளே போடுங்கள். இரண்டு மூன்று தடவை நிறுத்துப் பார்த்தால் அப்புறம் கைக்கே தெரிந்துவிடும். தராசு இல்லாவிட்டால் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்துக்கு ஒரு அடி தள்ளி எவர்சில்வர் தட்டைக் காட்டுங்கள், பனி படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இன்னொன்று, சூடாக இருக்கும்போது எடுத்து வளைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆகிவிட்ட சிப்ஸ்கூடச் சூட்டில் கொஞ்சம் வளையும், ஆறினால்தான் விறைக்கும். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். மொத்தத்தையும் கிண்ணத்தில் குவிக்காமல் கம்பி வலையில் பரப்பி ஆறவிடுங்கள், குவித்தால் அதன் ஆவியிலேயே அது நமத்துவிடும்.

கோத்தகிரிக் கிழங்கு:

உருளைக்கு நான் வருகிறேன், வீட்டில் கிழங்கு விளைகிறது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றி அனுப்புகிற குடும்பம். எல்லா உருளையும் சிப்ஸுக்கு ஆகாது. தோல் உரிந்துகொண்டு வரும் புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், குழம்புக்கு அருமை, சிப்ஸுக்கு வேண்டாம். தோல் தடித்து முற்றிய கிழங்கு, கையில் எடுத்தால் கனமாக இருப்பது, அதுதான் மொறுமொறுப்பு தரும். சிப்ஸ் கம்பெனிகளுக்கென்றே சிம்லா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1998இல் குஃப்ரி சிப்ஸோனா என்று தனி ரகம் விட்டார்கள், அதில் மாவுச்சத்து அதிகம், சர்க்கரை குறைவு. நம் தெருக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் முறைப்பார்கள், அதனால் முற்றிய கிழங்காகப் பார்த்து எடுங்கள்.

வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் கிடந்த கிழங்கை எடுக்காதீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாக மாறும், வறுத்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருஞ்சிவப்பாகிவிடும். அந்தக் கருஞ்சிவப்பு ருசிக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்காதீர்கள். மாவுள்ள பொருள் 120 டிகிரிக்கு மேல் காய்ந்து சிவக்கும்போது அக்ரிலமைடு என்கிற, புற்றுநோய் வரவைக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் வேதிப்பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் இல்லாததால் ஏர் ஃப்ரையரில் அது வராது என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை, சிவக்கச் சிவக்க இதிலும் வரும். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீவிய துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம், தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை மாற்றி ஊறவைத்தால் மேலே இருக்கும் மாவும் சர்க்கரையும் போய்விடும். அப்புறம் ஒரு ஸ்பூன் வினிகர் விட்ட கொதிநீரில் இரண்டே நிமிடம் போட்டு எடுத்துத் துணியில் உலர்த்துங்கள். வினிகர் இருந்தால் துண்டு குழையாது. 155, 160 டிகிரி, 20 நிமிடம் பிடிக்கும். பச்சை படிந்த கிழங்கைத் தூரப் போடுங்கள்.

மாடிவீட்டுக்காரி:

உருளைக்கு இவ்வளவா? வினிகர் வரைக்கும் எனக்குத் தெரியாது. சரி, மற்றதையும் சொல்லிவிடுங்கள். வெண்டைக்காய்? மரவள்ளி? நேந்திரம்?

சிங்கை சின்னப்பொண்ணு:

வெண்டைக்காய்தான் இதில் ராஜா, நீங்கள் அதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். முழுதாகக் கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகுதான் கத்தி படவேண்டும். நீளவாக்கில் நாலாகக் கீறி விதையை உதிர்த்துவிட்டு, கால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த்தூள், ஆம்சூர் (காய்ந்த மாங்காய்த் தூள்) இருந்தால் ஒரு சிட்டிகை, இரண்டு டீஸ்பூன் எண்ணெய். 180 டிகிரி, 12 முதல் 14 நிமிடம். உப்பை மட்டும் கடைசியில் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் வழவழப்பும் தண்ணீரும் விட்டுவிடும். பாகற்காய்க்கு உப்பு முன்னால், வெண்டைக்குப் பின்னால். இதை மாற்றிச் செய்து நான் ஒரு கூடை பசை காய்ச்சியிருக்கிறேன்.

நாஞ்சில் நாட்டான்:

ஏத்தங்காயை அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். வைத்துப் பார்த்தேன். உடைகிறது, நிறமும் வருகிறது, ஆனால் வாயில் போட்டால் மரத்தூள். அந்தச் சிப்ஸுக்குப் பாதி ருசியே தேங்காயெண்ணெய்தான், ஒரு ஸ்பூன் தடவி அதை வரவழைக்க முடியாது. மரச்சீனியும் (மரவள்ளி) அப்படித்தான், அதில் மாவு கெட்டி, காற்றில் காய்ந்தால் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும். எப்படியும் செய்வேன் என்றால் தோலைத் தடியாகச் சீவி, துண்டுகளை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள். கசக்கிற கிழங்கை எதற்கும் எடுக்காதீர்கள், அதில் சயனைடு விஷம் அதிகம்.

பொறுமை இல்லாதவன்:

நாஞ்சிலார் என் கட்சி. வாணலி வாழ்க.

நாஞ்சில் நாட்டான்:

ஏத்தங்காய்க்கு மட்டும்தான் உங்கள் கட்சி. பாகற்காயில் நான் அம்மம்மா பக்கம்.

மாடிவீட்டுக்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பங்குனி வெயில் இருக்கும்போது எதற்கு ஹீட்டர் காற்று என்று மொட்டை மாடியில் வேட்டி விரித்துவிட்டேன்.

பாகற்காய் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. உப்பு, மோர் ஊறவைத்து, பிழிந்து, ஒன்றரை மணி நேரம் வெயில், அப்புறம் 160இல் 14 நிமிடமே போதுமானதாக இருந்தது. வெண்டை அதைவிட நன்றாக வந்தது, தட்டில் வைத்துவிட்டு ஃபோன் எடுத்து வருவதற்குள் பசங்கள் காலி செய்துவிட்டார்கள், அதனால் படம் இல்லை. பீட்ரூட்டை மூன்று தடவை செய்தேன். முதல் தடவை சீவும் கட்டையில் பெரிய இடைவெளி வைத்துவிட்டேன், தடிமனாக விழுந்து மறுபடியும் ரப்பர். இரண்டாவது தடவை கட்டையின் ஆகச் சின்ன இடைவெளி, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், உப்புத் தூவிக் கால் மணி நேரம் விட்டுத் துணியில் ஒற்றி 140இல் வைத்தேன். முக்கால்வாசி நொறுங்கியது. மூன்றாவது தடவை பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன், எல்லாமே நொறுங்கியது. 210 கிராம் பீட்ரூட்டுக்குக் கிடைத்தது 31 கிராம். தராசில் அதைப் பார்த்தபோது கொஞ்சம் அழுகை வந்தது உண்மை. உருளை சுமார்தான், கோத்தகிரி அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் செய்தும் கடைச் சிப்ஸ் மாதிரி லேசாக இல்லை, கெட்டியாக உடைகிறது. தயிர் சாதத்துக்குப் போதும்.

டப்பாவில் போட்டு மறுநாள் பார்த்தால் பீட்ரூட் நமத்துவிடுகிறது. 150இல் மூன்று நிமிடம் காட்டினால் திரும்ப வருகிறது. இது சரியா, இல்லை முதலிலேயே காயவில்லை என்று அர்த்தமா?

எவர்சில்வர் இன்ஜினியர்:

210க்கு 31 என்றால் எடைக்கணக்கில் நன்றாகவே காய்ந்திருக்கிறது. பீட்ரூட் சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இழுக்கும். முழுக்க ஆறிய பிறகு மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள், உப்பைச் சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள். அப்படியும் இரண்டு நாளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உருளை கெட்டியாக உடைவதை மாற்ற வழி இல்லை, எண்ணெயில் விழுகிற துளைகள் இதில் விழாது.

மாடிவீட்டுக்காரி:

நன்றி சார். ஒரு செய்தி சொல்ல மறந்துவிட்டேன். இந்த வெற்றிகளைப் பார்த்துவிட்டு மாமியார், நான் இல்லாத நேரத்தில் தனியாக ஒரு பரிசோதனை செய்திருக்கிறார். இரண்டு அப்பளம். உள்ளே வைத்து மூடியதும் காற்றில் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே புகை. நல்லவேளை உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார், ஆறின பிறகு சுரண்டி எடுத்தோம். மெஷின் பிழைத்துவிட்டது, வீடு முழுக்க இரண்டு நாள் உளுந்து வாசனை.

டொராண்டோ அம்மம்மா:

ஐயோ, எனக்கும் கறிவேப்பிலை அப்படித்தான் பறந்தது! இலை, அப்பளம் மாதிரி லேசான சாமான் என்றால் மேலே ஒரு சின்னக் கம்பித் தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ச் சீவல்கூடக் காய்ந்த பிறகு லேசாகிவிடும், கடைசி ஐந்து நிமிடம் கவனம். அப்பளத்தின் இரண்டு பக்கமும் எண்ணெய் தொட்டுத் தடவி, தட்டைக் கவிழ்த்து, 200இல் ஒன்றரை நிமிடம் வைத்துப் பாருங்கள், கிட்டவே நின்று. ஜவ்வரிசி வடகம் வேண்டாம், அங்கங்கே பொரியாமல் கல்லாக நிற்கும்.

உங்கட மாமியாரிடம் சுண்டைக்காய் வற்றல் இருக்குமா? ஏற்கெனவே காய்ந்த சாமான், நாலு சொட்டு நல்லெண்ணெய் பிரட்டி 160இல் நாலைந்து நிமிடம்தான்.

மாடிவீட்டுக்காரி:

பரணில் ஒரு டப்பா இருக்கிறதாம். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கச் சொல்கிறார், இப்போதே.